தண்ணீரிலேயே பீஸ் லில்லி
வெள்ளைப் பூ பூக்கும் இந்த வீட்டுச் செடியை மண்ணில்லாமல் வளர்க்க, தொட்டியிலிருந்து உருவி, வேரில் ஒட்டிய மண்ணும் தேங்காய் நார்த்தூளும் துளிகூட இல்லாமல் அலசுங்கள். இதில் சோம்பல்பட்டால் தண்ணீர் நாறிவிடும். கொழகொழத்த வேர்களை வெட்டிவிட்டு, கண்ணாடி ஜாடியில் கூழாங்கல் போட்டு நிறுத்துங்கள். வேர் மட்டும் நனையட்டும். தண்டின் அடிப்பாகம் 2 செ.மீ. மேலேயே நிற்கணும், மூழ்கினால் அழுகும். முதலில் பழைய இலைகள் மஞ்சளாவது சகஜம்.

புதுச்சேரியில் கடலோரமாக இருந்தால் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும்; இலை நுனி கருகும். மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை முழுசாக மாற்றாவிட்டால் கொசுப்புழு நெளியும் (டெங்குக் கொசுவுக்கு இந்த ஜாடியே போதும்).

திரவ உரம் மாதம் ஒருமுறை, பாட்டிலில் அச்சிட்டிருக்கும் அளவில் கால் பங்கு. இலை செழித்தும் பூ வரவில்லையா? பெரும்பாலும் வெளிச்சக் குறைவுதான். நேர்வெயில் படாத ஜன்னலோரம் மாற்றுங்கள். இலையைக் கடித்தால் வாய் எரியும், குழந்தைக்கும் பூனைக்கும் எட்டக்கூடாது.