உயிர்வாயுத் தாங்கி: கட்ட முன்னமே தவிர்க்க வேண்டிய பிழைகள்

திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கம், சாணத்தைப் புளிக்கவைத்து அடுப்பெரிக்க வாயு எடுக்கும் உயிர்வாயுத் தாங்கி கட்டுபவர்கள் முதலில் பிழைவிடுவது கணக்கில்தான். "இருபது மாடு நிற்குது, பெரிசாவே கட்டுவம்" என்று தொடங்கிவிடுகிறார்கள். நாட்டு மாடு ஒன்று நாளுக்கு 10 கிலோ சாணம் போட்டாலும், பகலில் அது மேய்ச்சல் தரையில் நிற்கிறது. பட்டியில் அள்ளக் கிடைப்பது பாதியளவுதான். பெரும்போக நெற்செய்கை தொடங்கினால் பட்டியையே தூரத்துக்குச் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். பெரிய தாங்கிக்குள் கொஞ்சச் சாணம் போனால் வாயுவுக்கு அமுக்கம் ஏறாது, அடுப்பு மினுங்கி மினுங்கி அணையும்.

அதனால் மாடு குறைந்த மாதத்தில் ஒரு கிழமை சாணத்தை நிறுத்துப் பாருங்கள். 25 கிலோ சாணத்துக்கு ஏறக்குறைய 1 கனமீற்றர் வாயு கிடைக்கும். ஓர் அடுப்பு இரண்டு மணித்தியாலம் தாராளமாக எரியும். நாள் தவறாமல் அவ்வளவு கிடைத்தால் மாதம் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று மிச்சம். 2022இல் சமையல் வாயுவுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். நாளும் அந்த 25 கிலோவுடன் 25 லீற்றர் தண்ணீர் சேர்த்து 50 நாள் தங்க வைக்க, கரைசலுக்கு மட்டும் 2.5 கனமீற்றர் இடம் வேண்டும். வாயு நிற்கும் இடம் அதற்கு மேல்.

அடுத்தது மணல். எங்கள் பகுதி மணற்தரையில் சாணம் அள்ளினால் ஒவ்வொரு வாளியிலும் மணலும் வரும். அது அடியில் படிந்து, சில வருடத்தில் தாங்கியின் கொள்ளளவையே தின்றுவிடும். பிறகு அதை அள்ள ஆளை உள்ளே இறக்குவது உயிராபத்து: உள்ளே ஒட்சிசன் இராது, நச்சு வாயு இருக்கும். மாடு கட்டும் இடத்துக்குச் சீமெந்துத் தரை போடுங்கள். கரைக்கும் தொட்டியில் குழாய் வாயை அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் வையுங்கள். கரைத்துச் சில நிமிடம் விட்டுத் திறந்தால் மணல் தொட்டியிலேயே தங்கும். அன்றன்றே அள்ளி வீசலாம்.

கிடங்கு வெட்டுவதை மாரிக்குத் தள்ளாதீர்கள். நிலத்தடி நீர் ஏறும்போது வெறுந்தாங்கி மேலே கிளம்பும், வெடிப்பு விழும். ஆனி, ஆடியில் கட்டி, ஐப்பசி மழைக்கு முன் நிரப்பிவிடுங்கள். கூரைத் தண்ணீர் தொட்டிக்குள் விழவும் விடக்கூடாது.

வாயுக்குழாய் தொய்ந்தால் அந்த இடத்தில் நீர் தேங்கி வாயுவை மறிக்கும். சரிவாகப் போட்டு, தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்க ஒரு வால்வு வையுங்கள். கசிவைச் சவர்க்கார நுரையால் பாருங்கள், நெருப்புக்குச்சியால் அல்ல. முதல் வாரங்களில் வரும் வாயுவில் காற்றும் காபனீரொட்சைட்டும் அதிகம். அதை வெளியே விட்டுவிடுங்கள். எரிகிறதா என்று குழாய் வாயில் பற்றவைத்துப் பார்க்கவே கூடாது, அடுப்பில் மட்டும்தான்.