மாடிச் சோலாரைக் கழுவும் முறை

காரைக்குடிப் பக்கம், எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது. நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 12 யூனிட் வரை தரும். போன பங்குனியில் அது 9-க்கு இறங்கிவிட்டது. நான் செய்த வேலைதான். உச்சி வெயிலில் போர் தண்ணீரை அடித்துக் கழுவினேன். உப்பு வெள்ளைப் படலமாகக் காய்ந்துவிட்டது. சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசலும் விழலாம்.

இப்போது விடிந்ததும் கழுவிவிடுகிறேன். முற்றத்தில் விழும் மழைத்தண்ணீரை ஆத்தா அண்டாவில் பிடித்து வைப்பார். அதில் இரண்டு வாளி கேட்டால் முதலில் ஒரு முறைப்பு, அப்புறம்தான் தண்ணீர். பழைய வேட்டித் துணி போதும். சோப்புத்தூள், தேங்காய் நார் வேண்டாம். புறா எச்சம் காய்ந்திருந்தால் ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், தானாக இளகும். பேனல் மேல் மட்டும் ஏறாதீர்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும்.

வேப்பங்கிளை நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் மந்தமாகலாம். கிளையை வெட்டிவிடுங்கள்.

ஒயர்களைத் தொட வேண்டாம். இன்வெர்ட்டரை (பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் ஒயரில் மின்சாரம் இருக்கும். பேட்டரி இல்லாத எங்கள் இணைப்பில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். அது பழுதல்ல, நம் சோலார் மின்சாரம் வெளி லைனுக்குப் போய்விடாமல், கம்பத்தில் வேலை செய்பவருக்கான பாதுகாப்பு.

தினமும் சாயங்காலம் யூனிட்டைக் காலண்டரில் குறித்து வைக்கிறேன்.