கூரை ஓரத்தைக் கடைசிக்கு விடாதீர்கள்: ஃபேசியா வரைவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் மொட்டை மாடிதான் வழக்கம். ஆனாலும் அழகர்கோவில் சாலையிலும் நத்தம் பக்கமும் தோட்ட வீடு கட்டுகிறவர்கள் பலர் ஓட்டுக் கூரை கேட்கிறார்கள். ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருளில் வரைந்த படத்தில் வீடு அழகாக நிற்கும். அதைக் கையில் வாங்கியதும் ஆசாரி கேட்பது ஒன்றுதான்: "சார், பலகை எத்தனை இஞ்ச் அகலம்? ஓட்டுக்கு மேலயா, கீழயா?" கூரை ஓரத்தில் கைமர நுனிகளை மறைத்து அடிக்கும் அந்தப் பலகைதான் ஃபேசியா. பல படங்களில் அவர் கேள்விக்குப் பதில் இருக்காது.

சுவரை எழுப்பி, கூரையைப் போட்டு, கடைசியில் ஃபேசியா கருவியை எடுத்து ஓரங்களைச் சொடுக்கி முடிப்பதுதான் இதற்குக் காரணம். என்னைக் கேட்டால் வரிசையே தலைகீழ். முதலில் இறவாணத்தின், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரத்தின், குறுக்குவெட்டை 1:10 அளவில் தனியாக வரையுங்கள். கைமரம், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம், ஓடு, பலகை, ஓரத்தில் மழைநீரை ஏந்தும் கட்டர் எல்லாம் அதில் இருக்கட்டும். கூரையின் உயரமே அந்தப் படத்திலிருந்துதான் பிறக்க வேண்டும்.

அதிகமாகக் கண்ணில் படும் தவறு, பலகையை ஓட்டின் மேல்முனையோடு ஒட்டி வைப்பது. ரெவிட்டில் கூரையை ஒரே தடிப்பாகப் போட்டு அதன் மேல் விளிம்பைச் சொடுக்கினால், பலகையின் தலை ஓட்டின் மேல்தளத்துக்கே போய்விடும். திரையில் ஓரம் நறுக்கென்று தெரிவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. அப்படியே கட்டினால் ஓட்டில் வழியும் தண்ணீர் பலகையில் முட்டி, அதன் பின்னால் இறங்கி, கைமரத்தின் நுனியை நனைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை அடித்துப் பெய்கிற ஊரில் மரம் எத்தனை நாள் தாங்கும்? கடைசி வரிசை ஓடு பலகையைத் தாண்டிச் சுமார் 50 மி.மீ. கட்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பலகையின் தலை ஓட்டுக்கு அடியில்தான் நிற்க வேண்டும். ரெவிட்டில் ஃபேசியாவின் செங்குத்து விலக்கத்தை மைனஸில் கொடுத்துப் பலகையை இறக்குங்கள்.

இதிலேயே இன்னொரு நுணுக்கம் உண்டு. மேல் வரிசை ஓடுகள் ஒவ்வொன்றும் கீழ் ஓட்டின் தலைமேல் ஏறி உட்காரும். கடைசி ஓட்டுக்கு அடியில் அப்படி ஓடு கிடையாது. அதனால் அங்கே கொஞ்சம் உயரம் கொடுக்காவிட்டால் அந்த வரிசை மட்டும் மூக்கைத் தொங்கப் போடும். ஓட்டுத் தடிப்பின் அளவுக்குப் பலகையை ரீப்பருக்கு மேல் தூக்கி, கடைசி ஓட்டை அதன்மேல் அமர்த்துவார்கள் விவரம் தெரிந்த ஆசாரிகள். உங்கள் குறுக்குவெட்டிலும் அது தெரியட்டும்.

அடுத்தது பலகையின் அகலம். கூரைத் தடிப்பு 150 மி.மீ. என்றால் பலகையும் 150 போதும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. 30 டிகிரி சரிவில் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டினால் வெட்டுமுகம் 173 மி.மீ. வரும், தடிப்பைச் சரிவுக் கோணத்தின் கொசைனால் வகுத்துப் பாருங்கள். 150 பலகை போட்டால் கூரையின் அடி 23 மி.மீ. பலகைக்குக் கீழே துருத்திக்கொண்டு தெரியும். ரெவிட்டின் கூரைப் பண்புகளில் 'ராஃப்டர் கட்' என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் தொடாத வரை அது ஒரே செங்குத்து வெட்டிலேயே இருக்கும். இரண்டு வெட்டு வகைக்கு மாற்றினால்தான் 'ஃபேசியா டெப்த்' அளவு வேலை செய்யும். வேண்டிய உயரத்தை அங்கே கொடுத்தால், மிச்சத்தை மென்பொருளே கீழிருந்து வெட்டிவிடும்.

அதே பண்புப் பட்டியலில் 'ராஃப்டர்', 'ட்ரஸ்' என்ற தேர்வையும் பார்த்துவிடுங்கள். சுவரைத் தொட்டு வரைந்த கூரைகளுக்கு மட்டும் இது பொருந்தும். ராஃப்டர் என்றால் உயரம் சுவரின் உள்முகத்திலிருந்து எடுக்கப்படும். ட்ரஸ் என்றால் வெளிமுகத்திலிருந்து. நம் ஊர் ஒன்பது இஞ்ச் சுவரில், 30 டிகிரி சரிவில், இந்த ஒரு தேர்வு மாறினாலே கூரை முழுக்க சுமார் 133 மி.மீ. ஏறும் அல்லது இறங்கும். ஜன்னல் தலைக்கும் பலகைக்கும் நடுவே நீங்கள் பார்த்துப் பார்த்து விட்ட இடைவெளி அதோடு போச்சு.

சரிவுகள் வேறுபடும்போது மூலையில் பலகை சேராது. சுவருக்கு வெளியே 600 மி.மீ. நீட்டலுக்கு 30 டிகிரிச் சரிவு 346 மி.மீ. இறங்கும், 20 டிகிரிச் சரிவு 218 மி.மீ. தான் இறங்கும். ஆக மூலையில் 128 மி.மீ. படிக்கட்டு விழும். அதை மறைக்க அகலமான பலகையை ஒட்டுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். ரெவிட்டில் இறவாணங்களைச் சமப்படுத்த 'அலைன் ஈவ்ஸ்' கருவி இருக்கிறது. உயரத்தை மாற்றியும் சமப்படுத்தலாம், நீட்டலை மாற்றியும் சமப்படுத்தலாம். நீட்டலைக் குறைத்தால் 30 டிகிரிச் சரிவுள்ள பக்கம் 600 என்பது 378 ஆகிவிடும். அந்தப் பக்கம் மேற்காக இருந்தால் சித்திரை, வைகாசி வெயில் நேரே சுவரில் இறங்கும். நான் நீட்டலில் கைவைக்க மாட்டேன். அந்தப் பக்கச் சுவர்த்தலையை 128 மி.மீ. உயர்த்துவேன்.

முக்கோணச் சுவர்ப் பக்கம் சரிவோடு ஏறும் பலகையையும் கிடைப் பலகையையும் ஒரே ஓட்டமாகச் சொடுக்கினால் மூலை கோணலாகும். ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மென்பொருளில், ஒரு வெட்டுமுகத்தை ஓரத்தின் வழியே இழுக்கும் 'ஃபாலோ மீ' கருவியைக் கொண்டு இழுத்தாலும் இதே கதை, பலகையின் முகம் முறுக்கிக்கொள்ளும். ஆசாரி இரண்டையும் தனித்தனியாக அடித்து ஒன்றை மற்றொன்றில் முட்டவைக்கிறார். நீங்களும் தனித்தனித் துண்டாகவே வரையுங்கள். அளவு எடுக்கும்போது தரைப்படத்தில் 4 மீட்டராகத் தெரியும் ஓரம் 30 டிகிரியில் 4.62 மீட்டர் என்பதை மறந்தால் பலகை பற்றாது. அடியையும் மில்லிமீட்டரையும் கலந்து 1 அடி என்பதை 300 என்று போடுவதும் வேண்டாம். 40 அடி ஓரத்தில் 192 மி.மீ. காணாமல் போகும்.

செட்டிநாட்டு வளவு மாதிரி முற்றம் வைத்த வீடுகளில் வெளி ஓரங்களுக்குப் பலகை போட்டுவிட்டு உள் ஓரங்களை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் தண்ணீர் அதிகம். இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தின் வழியே வருவது முழுவதும் முற்றத்தின் மூலையில் ஒரே இடத்தில் கொட்டும். அந்த மூலையில் பலகை, கட்டர், இறங்கு குழாய் மூன்றையும் சேர்த்தே வரையுங்கள். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம் என்பதால் குழாய் எந்தத் தொட்டிக்குப் போகிறது என்பதும் அதே படத்தில் வேண்டும்.

கூரையின் எல்லைக் கோட்டைத் திருத்த நேர்ந்தால், பழைய கோட்டை அழித்துப் புதிதாக வரையாமல் அதையே நகர்த்துங்கள். அழித்தால் அதில் தொற்றியிருந்த ஃபேசியாவும் கட்டரும் கழன்றுவிடும். அளவுப் பட்டியலிலும் அந்த நீளம் குறையும்.