நிலக்காட்சிக்கும் முகத்துக்கும் ஒரே பயிற்சி

மலையை வரைந்தாலும் முகத்தை வரைந்தாலும் கண் செய்யும் வேலை ஒன்றுதான்: எது எவ்வளவு வெளிச்சம், எது எவ்வளவு இருட்டு என்று பிரித்தறிவது. நிறம் சற்றுத் தப்பினாலும் படம் நிற்கும். ஒளியும் நிழலும் தப்பினால் விலையுயர்ந்த வண்ணமும் காப்பாற்றாது. அதனால் ஓவியம் பழகும் முதல் இரண்டு மாதம் ஒற்றை நிறத்தில் மட்டும் வரையுங்கள்.

பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வாட்டர் கலர் ஒரு டியூப் போதும். வெறும் தாள் முதல் படி, மிகக் கெட்டியான பூச்சு ஐந்தாம் படி என்று ஐந்து படிகள் பூசிக் காயவையுங்கள். பிறகு தினமும் ஒரு காட்சியை 10×15 செ.மீ. தாளில், மூன்றே படிகளில், பத்து நிமிடத்தில் முடியுங்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தால் விவரங்கள் மறைந்து திட்டுகள் மட்டும் தெரியும். அவற்றை வரைந்தால் போதும். பெரும்பாலோர் நிழலை வெளுப்பாக வரைகிறார்கள். நிழலையே உற்றுப் பார்க்கும்போது கண் அந்த இருட்டுக்குப் பழகி, அதற்குள் வெளிச்சம் இருப்பதாகக் காட்டுவதுதான் காரணம். நிழலைத் தனியாகப் பார்க்காமல் பக்கத்து வெளிச்சத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து, வெளியில் நிலக்காட்சி. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாள் வாங்குங்கள். மெல்லிய தாள் நனைந்ததும் நெளியும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கி வண்ணம் திட்டாகும். நான்கு ஓரமும் டேப் ஒட்டிப் பலகையில் பொருத்துங்கள். காலை ஆறரை முதல் எட்டரை வரை நிழல் நீளமாக, வடிவத்தோடு இருக்கும். ஆனால் அது நகர்ந்துகொண்டே இருக்கும். முதல் ஐந்து நிமிடத்திலேயே நிழலின் எல்லையைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். பிறகு சூரியனைத் துரத்தி மாற்றாதீர்கள். பிரான்சின் ரூவான் தேவாலயத்தை முப்பதுக்கும் மேற்பட்ட படங்களாக வரைந்த பிரெஞ்சு ஓவியர் மோனே, ஒளி மாறும்போது கேன்வாஸையே மாற்றிக்கொண்டார்.

நம் வெயிலில் வானம் பூசும்போது பாதியிலேயே காய்ந்து கோடு விழும். தாளை நனைத்துக்கொண்டு நிழலில் உட்காருங்கள். தேவைப்படும் என்று தோன்றுவதைப் போல இரு மடங்கு வண்ணம் முன்கூட்டியே கலந்து வையுங்கள். தாளின் பளபளப்பு போனபின் ஈரத் தூரிகையை வைத்தால், புதுத் தண்ணீர் அரைகுறையாகக் காய்ந்த வண்ணத்தைத் தள்ளி, காலிஃபிளவர் போன்ற ஓரம் உண்டாகும். புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரியாமல் போகும்வரை காத்திருந்து அடுத்த பூச்சைத் தொடங்குங்கள்.

டியூப் பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் இலைபோலத் தெரியும். கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சேர்த்தால் அடங்கும். தூரத்து மலைக்கு அல்ட்ராமரீன் நீலமும் தண்ணீரும் கூட்டுங்கள். ஒளி–நிழல் வித்தியாசத்தைக் குறையுங்கள். கோடைத் தூசியில் தூரம் நீலமாகாமல் சாம்பல் வெளுப்பாகும், அதையும் கவனியுங்கள்.

முகத்துக்கு ஆயில் வண்ணம் ஏற்றது. மெதுவாகக் காய்வதால் திருத்த நேரம் கிடைக்கும். ஒரே ஜன்னல் ஒளி, ஆளுக்கு முன்பக்கவாட்டில் விழட்டும். நேர் வெயில் விழாத வடக்கு ஜன்னல் என்று புத்தகங்கள் சொல்வது ஐரோப்பாவுக்கு ஆண்டு முழுதும் ஓரளவு பொருந்தும். தமிழ்நாட்டில் மே முதல் ஆகஸ்ட் முற்பகுதி வரை நண்பகல் சூரியனும் வடக்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் வெள்ளைத் துணித் திரை கட்டுங்கள்.

கண் தலையின் நட்டநடுவில் இருக்கிறது. முடியையும் உச்சியையும் மறந்து கண்ணை மேலே ஏற்றிவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. டர்பென்டைன் கலந்த மெல்லிய ஆயில் அம்பரில் நிழல் பக்கம் முழுவதையும் ஒரே திட்டாக நிரப்புங்கள். கண், மூக்கு, உதடு அப்புறம். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்திருப்பவருக்கு ஓய்வு கொடுங்கள். அவர் எழுவதற்குள் நாற்காலிக் கால்களையும் பாதங்களையும் தரையில் டேப்பால் குறித்துவிடுங்கள்.

வண்ணத்துக்கு ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் வழங்கும் நான்கு போதும்: வெள்ளை, யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), சிவப்பு, ஐவரி பிளாக் (கறுப்பு). நம் மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் பர்ன்ட் சியன்னாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கேதான் பலர் தடுக்கிவிழுகிறார்கள்: பழுப்பில் வெள்ளையைக் கலந்து வெளிச்சம் காட்டப் பார்க்க, தோல் சாம்பல் பூசியதுபோலாகிறது. வெளிச்சப் பகுதிக்கு ஆக்கரும் சிவப்பும் ஏற்றுங்கள். வெள்ளையைக் கடைசியில், மிகக் கொஞ்சமாக. கறுத்த நெற்றியில் மின்னும் புள்ளி ஜன்னல் வானத்தின் பிரதிபலிப்பு, அதனால் அது நீலச் சாயலில் இருக்கும். கறுப்பையும் வெள்ளையையும் கலந்தாலே அந்த நீலச் சாயல் வந்துவிடும்.

ஆயில் உலர்வது ஆவியாகி அல்ல, காற்றின் ஆக்சிஜனை ஏற்று இறுகி. அடியில் எண்ணெய் அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருந்தால் மேல்பூச்சு முதலில் இறுகி, பின்னாளில் வெடிக்கும். எனவே அடிப்பூச்சு மெல்லியதாக, ஒவ்வொரு பூச்சுக்கும் ஆளிவிதை எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்து வையுங்கள்.

மாதம் ஒருமுறை அதே மரத்துக்கும், கண்ணாடியில் அதே உங்கள் முகத்துக்கும் திரும்புங்கள். புதுப்புது இடம் தேடும் ஆசையைவிட, பழகிய ஒன்றை மீண்டும் பார்க்கும் பிரியம்தான் ஓவியரை வளர்க்கிறது. படத்தின் பின்புறம் தேதியும் நேரமும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எல்லாவற்றையும் செல்பேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றி வரிசையாகப் பாருங்கள். ஒரே இடத்தில் நிழல் திரும்பத் திரும்ப வெளுத்திருந்தால், அடுத்த மாதம் அந்த இடத்தை மட்டும் அம்பரில், மூன்று படிகளில் வரையுங்கள்.