செகண்ட் ஹேண்ட் கார்ல பழைய அடியை மறைச்சு வித்துட்டாங்களா? செய்ய வேண்டியது இதுதான்

வாங்கின கார் ஏற்கனவே பெருசா அடிபட்டதுன்னோ வெள்ளத்துல நின்னதுன்னோ அப்புறமா தெரிய வந்தா, தயவுசெஞ்சு முதல்ல அதுல கை வைக்காதீங்க. மெக்கானிக் "விடுங்க சார், நான் ரெடி பண்ணித் தர்றேன்"னு சொல்லுவாரு, நாமளும் வண்டி ஓடினா போதும்னு செலவு பண்ணிடுவோம், அப்புறம் கேஸ் போடறப்ப காட்டறதுக்கு ஒண்ணுமே மிஞ்சாது. முடிஞ்சவரைக்கும் ஓட்டறதையும் நிறுத்திடுங்க, ஏன்னா விஷயம் தெரிஞ்ச பிறகும் மாசக்கணக்கா ஓட்டினா வண்டியை அப்படியே ஏத்துக்கிட்டீங்கன்னு எதிர்தரப்பு வக்கீல் பிடிச்சுக்குவாரு. ஆனா லோன் போட்டு வாங்கியிருந்தா இஎம்ஐய மட்டும் நிறுத்தாதீங்க, பேங்க்குக்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தம் இல்ல, சிபில் ஸ்கோர் அடிவாங்கறது உங்களுக்குத்தான்.

அடுத்தது ஆதாரம். 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் சென்னையில எத்தனை கார் தண்ணிக்குள்ள நின்னுச்சுன்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். ரிப்பேர் செலவு ஐடிவில, அதாவது பாலிசியில வண்டிக்குப் போட்டிருக்கற மதிப்புல, 75 சதவீதத்தைத் தாண்டினா இன்சூரன்ஸ்ல அதை டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் பண்ணிக் கட்டுப்படியாகாத வண்டின்னு முடிப்பாங்க. அப்படி முடிஞ்ச வண்டி எல்லாமே காயலாங்கடைக்குப் போயிடறது இல்ல, சிலது டிங்கரிங், பட்டி, பெயிண்ட், புது சீட் கவர்னு தேறி மறுபடியும் விலைக்கு வருது. தண்ணியில நின்ன வண்டியான்னு கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசிவரைக்கும் இழுத்துப் பாருங்க. மேல தெரியற பகுதி பளிச்சுனு இருக்கும், எப்பவும் ரோலுக்குள்ளயே சுத்தியிருக்கற அந்தக் கடைசி அடியில மட்டும் பழுப்பா ஒரு சேத்துக்கோடு நிக்கும், ஏன்னா இன்டீரியர் கழுவறவங்க அதுவரைக்கும் இழுத்துக் கழுவறதே இல்ல. சீட்டுக்கு அடியில இருக்கற ரெயில்ல துரு, ஸ்டெப்னி வைக்கற பள்ளத்துல காஞ்ச மண்ணு இதையும் பாருங்க. அடிபட்ட வண்டின்னா பானெட்டைத் திறந்து ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேல வர்ற தகடு) போல்ட்டைப் பார்த்தாலே ஓரளவு தெரிஞ்சிடும், போல்ட் தலையில பெயிண்ட் உதிர்ந்து ஸ்பேனர் போட்ட தடம் இருக்கும். அது மட்டும் வெறும் ஃபெண்டர் மாத்தினதாக்கூட இருக்கலாம், அதனால ஆப்ரான் (எஞ்சின் இருக்கற இடத்தோட பக்கச் சுவர்), பில்லர் (கூரையைத் தாங்கற தூண்) இதுல கையால வெல்டிங் அடிச்சிருக்கான்னு பார்க்கறதுதான் முக்கியம். எல்லாத்தையும் நம்பர் பிளேட்டும் தெரியற மாதிரி வீடியோ எடுத்து வைங்க, அப்புறம் கம்பெனி சர்வீஸ் சென்டர்லயோ லைசென்ஸ் உள்ள இன்சூரன்ஸ் சர்வேயர்கிட்டயோ எழுத்துல ரிப்போர்ட் வாங்குங்க. தெரிஞ்ச மெக்கானிக் வாயால சொன்னது கோர்ட்ல நிக்காது.

காகிதத்துல இருந்தும் பிடிக்கலாம். ரெஜிஸ்டர் நம்பரைச் சொல்லி கம்பெனியில சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்க, பாடி ரிப்பேர் அங்க நடந்திருந்தா தேதியோட வரும். பழைய ஓனரோட இன்சூரன்ஸ் பாலிசியில நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவுன்னு பாருங்க. கிளெய்மே இல்லாம அஞ்சு வருஷம் போனா 50 சதவீதம் வரைக்கும் ஏறும், வருஷம் தவறாம ஃபுல் இன்சூரன்ஸ் போட்ட ஒரே ஓனர் வண்டியில அது பூஜ்யம்னு இருந்தா எதுக்காகக் கிளெய்ம் போனீங்கன்னு கேட்டே ஆகணும்.

இப்ப யார் வித்தாங்கங்கறதுலதான் உங்க வழி பிரியுது. கார் கன்சல்டிங், ஷோரூம், ஆன்லைன் ஆப் இதுல வாங்கியிருந்தா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு இருக்கு, பழைய பொருளா இருந்தாலும் அதோட தரத்தைப் பத்திப் பொய் சொல்லி வித்தா அது நியாயமில்லாத வணிகமுறை. சொந்தமா டாக்சி ஓட்டிப் பிழைக்கறவங்களும் இதுல வருவாங்க, அதைப் பலரும் தெரிஞ்சுக்காம விட்டுடறாங்க. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி தனி ஆள் தன் வண்டியை வித்திருந்தா பொதுவா கன்ஸ்யூமர் கோர்ட் வழி கிடையாது, சிவில் கோர்ட்தான்.

தனி ஆள்கிட்ட வாங்கறவங்களுக்கு நான் ரொம்ப அழுத்திச் சொல்லணும்னு நினைக்கறது 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 17ஆவது பிரிவு. அதுல ஒரு குதிரை உதாரணம் இருக்கு. குறையுள்ள குதிரைன்னு தெரிஞ்சே ஒருத்தர் ஏலத்துல விக்கறாரு, ஆனா வாயைத் திறக்கல, அது மோசடி இல்லங்குது சட்டம். அதே ஆள்கிட்ட வாங்கறவர் "நீங்க மறுக்கலைன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்கறேன்"னு சொல்லி, அதுக்கும் அவர் பேசாம இருந்தா, அந்த மௌனம் பேசினதுக்குச் சமம். 19ஆவது பிரிவு இன்னும் கெடுபிடி, விக்கறவர் சும்மா மௌனமா மறைச்சிருந்து, நீங்களும் சாதாரணமா விசாரிச்சிருந்தாலே உண்மை தெரிஞ்சிருக்கும்ங்கற நிலைமை இருந்தா, ஒப்பந்தத்தை ரத்து பண்ண முடியாது. அதனால டோக்கன் அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு வாட்ஸ்அப் போடுங்க: "அண்ணா, இந்த வண்டி பெரிய ஆக்சிடென்ட் ஆகலை, வெள்ளத்துல நிக்கலை, டோட்டல் லாஸ் கிளெய்ம் ஆகலைன்னு நம்பித்தான் வாங்கறேன், இதுல ஏதாவது தப்புன்னா இப்பவே சொல்லுங்க, சொல்லலைன்னா சரின்னு எடுத்துக்கறேன்." கன்சல்டிங்கா இருந்தாலும் இதையே அனுப்புங்க. அவங்க பில்லுல உள்ளது உள்ளபடின்னு எழுதியிருந்தாலும், கேட்ட கேள்விக்குச் சொன்ன பொய்யை அந்த வரி மூடிடாது. விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைங்க, சேட்டை டெலீட் பண்ணாதீங்க, போனையும் மாத்திடாதீங்க, கோர்ட்ல அதைக் காட்டறப்ப 2023 சாட்சியச் சட்டம் 63ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேணும், வக்கீல்கிட்ட கேட்டுத் தயார் பண்ணிக்கலாம்.

இதெல்லாம் கையில இருந்தா ஒரு நோட்டீஸ் அனுப்புங்க, ஸ்பீட் போஸ்ட்ல, டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சியோட. என்ன சொல்லி வித்தாங்க, என்ன கண்டுபிடிச்சீங்க, என்ன வேணும், எத்தனை நாளுக்குள்ள வேணும், அவ்வளவுதான், திட்டு வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கேக்கறதா இல்ல வண்டியை வச்சுக்கிட்டு விலை வித்தியாசத்தைக் கேக்கறதான்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க, சேசிஸ் வரைக்கும் போன அடின்னா நான் பணத்தைத்தான் திருப்பிக் கேக்கச் சொல்லுவேன், குடும்பத்தை ஏத்திக்கிட்டுப் போற வண்டி அது. ஆன்லைன்ல வாங்கியிருந்தா அவங்க குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்க, 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு பதில், ஒரு மாசத்துல தீர்வுன்னு 2020 இ-காமர்ஸ் விதிகள்ல இருக்கு. நடுவுல 1915க்கு போன் பண்ணி தமிழ்லயே புகார் பதியலாம், அதுல தீர்ப்பு வராது, ஆனா சில பேர் அதுக்கே இறங்கி வந்துடுவாங்க.

இறங்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்கின வண்டின்னா இங்கதான், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது, 10 லட்சம் வரைக்கும் 200 ரூபாய். வண்டியை வாங்கினது கோயம்புத்தூர்னாலும் நீங்க குடியிருக்கறது திருநெல்வேலின்னா திருநெல்வேலியிலயே போடலாம், இ-ஜாக்ரிதி தளத்துல வீட்ல இருந்தே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்ல. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், ஆறப்போட்டுடாதீங்க. தீர்ப்பு வர்றதுக்கு சட்டத்துல 3 மாசம், லேப் டெஸ்ட் வேணும்னா 5 மாசம்னு இருக்கு, நடைமுறையில அதைவிட இழுக்கும்ங்கறதை மனசுல வச்சுக்கிட்டே போங்க.

போலீஸ்ல குடுக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஓடோமீட்டரைத் திருப்பினது, கிளெய்ம் பேப்பரைத் திருத்தினதுன்னு ஆரம்பத்துலயே ஏமாத்தற எண்ணம் இருந்ததைக் காட்ட முடிஞ்சா பாரதிய நியாய சன்ஹிதா 318ஆவது பிரிவுல புகார் குடுங்க, சிஎஸ்ஆர், அதாவது புகாரை வாங்கிக்கிட்டதுக்கான ரசீது வாங்காம ஸ்டேஷனை விட்டு வெளிய வராதீங்க. வெறும் விலைத் தகராறுன்னா சிவில் மேட்டர்னு அனுப்பிடுவாங்க, அதுல அலையறதை விட கன்ஸ்யூமர் கோர்ட்ல நேரம் செலவு பண்ணுங்க. அங்க ஜெயிச்சும் அவங்க பணம் குடுக்கலைன்னா நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தோட 72ஆவது பிரிவுல மனு போடலாம், ஒரு மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா குறைஞ்சது 25,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ரெண்டுமேன்னு இருக்கு.