வாக்கிங் கிளப்போடு முதல் மலைநாள்: பென்-அ-வான் ஏறுவது எப்படி?

வேல்ஸில் ஒரு வாக்கிங் கிளப்போடு முதல்முறை மலைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெற்கு வேல்ஸின் உயரமான சிகரம் பென்-அ-வான், 886 மீட்டர். பிரெக்கன் பீக்கன்ஸ் என்று பலரும் இன்னும் சொல்லும் தேசியப் பூங்காவில் இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து பூங்கா நிர்வாகம் பன்னை பிரஹைனியோக் என்ற வெல்ஷ் பெயரையே பயன்படுத்துகிறது. பாதை தெளிவாக இருப்பதால் புதியவர்களுக்கு ஏற்ற மலைதான், ஆனால் அலட்சியமாகப் போகக்கூடிய மலை இல்லை. குழுவோடு போனால் எல்லாவற்றையும் லீடர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் நடப்பவரையும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 1: நடையைத் தேர்ந்தெடுப்பது

1935இல் உருவான ராம்ப்ளர்ஸ் என்ற பிரிட்டிஷ் நடையாளர் அமைப்புக்கு வேல்ஸிலும் உள்ளூர்க் குழுக்கள் உண்டு. உறுப்பினர் ஆவதற்கு முன்பே ஓரிரு நடைகளுக்குப் போய்ப் பார்க்கலாம். நடை அறிவிப்பில் தூரம், கடினத் தரம் எல்லாம் போட்டிருப்பார்கள். புதியவர்கள் தூரத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ஏற்றத்தைப் பாருங்கள்.

1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். பென்-அ-வான் சுற்று சுமார் 8 கி.மீ., ஏற்றம் ஏறக்குறைய 500 மீட்டர். தூரத்துக்கு 1 மணி 36 நிமிடம், ஏற்றத்துக்கு 50 நிமிடம், ஆக இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. சாப்பாடு, மூச்சு வாங்குவது, வேலிக் கதவில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் குழுவுக்கு நாலு மணி நேரமாவது வேண்டும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் குளிர்காலத்தில் இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

படி 2: வானிலை

ஊர் வானிலையைப் பார்த்து மலைக்குக் கிளம்பக் கூடாது. பிரிட்டனின் வானிலை மையமான மெட் ஆபீஸ் மலைகளுக்கென்றே தனி முன்னறிவிப்பு தருகிறது. முந்தைய நாள் இரவு அதில் உச்சியின் காற்று வேகத்தையும் மேகம் எந்த உயரத்தில் நிற்கும் என்பதையும் பாருங்கள். மலைக்குக் கீழே இருக்கும் பிரெக்கன் ஊரைவிட உச்சியில் நாலைந்து டிகிரி குறைவாக இருக்கும். காற்று அடித்தால் இன்னும் குளிரும். லீடர் நடையை ரத்து செய்தால் வருத்தப்படாதீர்கள். மலை அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.

படி 3: பை

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை இழுத்துவிடும், காயவும் காயாது. சீக்கிரம் உலரும் பேன்ட், உள்ளே செயற்கை இழை அல்லது கம்பளி பனியன், மேலே ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற கதகதப்பான மேலாடை, அதற்கும் மேல் மழை உள்ளே போகாத ஜாக்கெட். மழைப் பேன்ட்டும் வேண்டும். தொப்பியும் கையுறையும் ஜூலையிலும் பையில் இருக்கட்டும். பை நீர்புகாது என்று கடைக்காரர் சொன்னாலும் உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் பொருட்களை வையுங்கள். தண்ணீர் ஒன்றரை லிட்டர், சாண்ட்விச்சோ சப்பாத்தி ரோலோ, கடலை மிட்டாய் மாதிரி ஏதாவது, ஃபிளாஸ்கில் டீ. விசில், ஹெட் டார்ச், கொப்புள பிளாஸ்டர்.

வரைபடம் லீடரிடம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல் 12 என்ற வரைபடம் இந்தப் பகுதிக்கானது, 1:25,000 அளவு. அதில் 4 சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். முதல் நடையிலேயே அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, நிற்கும் இடத்திலெல்லாம் ‘இப்போது எங்கே இருக்கிறோம்?’ என்று விரலால் தொட்டுப் பழகுங்கள்.

படி 4: போய்ச் சேருவது

ஏ470 சாலையில் ஸ்டோரி ஆர்ம்ஸ், பான்ட் ஆர் டாவ் என்று அருகருகே இரண்டு தொடக்க இடங்கள். கார்டிஃபிலிருந்து மெர்தர் வழியாக பிரெக்கன் போகும் டி4 பஸ் இந்த வழியாகத்தான் வரும். காரில் போனால் நாலு பேர் சேர்ந்து போங்கள், வார இறுதியில் கார் நிறுத்த இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பெட்ரோல் செலவில் உங்கள் பங்கைக் கார்க்காரர் கேட்பதற்கு முன் நீங்களே கொடுத்துவிடுங்கள். சேற்றுக் காலோடு காரில் ஏறாமல் இருக்க மாற்றுச் செருப்பு ஒன்று.

படி 5: நடக்கும்போது

கிளம்பும்போது லீடர் தலை எண்ணுவார். கடைசியில் வருபவரைப் பேக் மார்க்கர் என்பார்கள். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. லீடரை முந்தவும் கூடாது. பாதி வழியில் ஒதுங்க வேண்டியிருந்தால் பேக் மார்க்கரிடம் சொல்லிவிட்டு, உங்கள் பையைப் பாதையோரம் வைத்துவிட்டுப் போங்கள். பை அங்கே கிடந்தால் ஆள் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். சின்ன வழக்கம்தான், ஆனால் ஆளைத் தொலைக்காமல் காப்பது இதுதான்.

ஏற்றத்தில் பேச முடிகிற வேகத்தில் நடங்கள். பேச மூச்சு இல்லையென்றால் வேகம் அதிகம். எனக்கு மனசு கேட்காத ஒரு விஷயம் உண்டு. வேகமாக நடப்பவர்கள் மேலே போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள், மெதுவாக வருபவர் வந்து சேர்ந்ததும் எழுந்து கிளம்பிவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, மூச்சு சீரான பிறகுதான் கிளம்ப வேண்டும்.

ஸ்டோரி ஆர்ம்ஸ் பக்கமிருந்து கோர்ன் டீ சிகரத்துக்கு (873 மீட்டர்) ஏறும் வழியில், முகட்டில் ஒரு கல்தூண் நிற்கிறது. டாமி ஜோன்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுவனின் நினைவுத் தூண். 1900 ஆகஸ்ட் 4 இரவு, தாத்தாவின் பண்ணைக்குப் போகிற வழியில் தொலைந்துபோனான். 29 நாள் தேடலுக்குப் பிறகு இந்த உயரத்தில் உடல் கிடைத்தது. அவ்வளவு சின்னக் கால்கள் இவ்வளவு மேலே ஏறும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அங்கே கொஞ்சம் நின்று அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

ஆட்டு வேலிக் கதவுகளை எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். உச்சியில் உட்காருவதற்கு முன்பே, உடம்பு சூடாக இருக்கும்போதே, ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள்.

படி 6: மூடுபனியும் அவசரமும்

பென்-அ-வான் உச்சி தட்டையானது, ஆனால் வடக்குப் பக்கம் செங்குத்தாக விழுகிறது. மூடுபனியில் விளிம்புப் பக்கம் போகாதீர்கள். முன்னால் நடப்பவர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே இருங்கள், தெரியாவிட்டால் அங்கேயே நின்று குரல் கொடுங்கள். யாருக்காவது அடிபட்டால் அவசர எண் 999ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ என்ற மலை மீட்புக் குழுவைக் கேளுங்கள். வருபவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. சிக்னல் மோசமாக இருந்தாலும் எஸ்எம்எஸ் போக வாய்ப்புண்டு. அதற்கு முன்கூட்டியே ‘ரெஜிஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து 999க்கு அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும், இன்றே செய்துவிடுங்கள். விசில் சைகை: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஆறு.

படி 7: இறக்கமும் அதற்குப் பிறகும்

இறங்கும் முன் பூட்ஸ் கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் விரல்கள் முன்னால் போய் இடிக்கும். பாதங்கள் எரிய ஆரம்பித்த உடனே நின்று பிளாஸ்டர் போடுங்கள். குழுவை நிறுத்தக் கூச்சப்பட்டால் கொப்புளம் உறுதி. பாதியில் தனியாகப் பிரிந்து போவதாக இருந்தால் லீடரிடம் சொல்லாமல் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக் கழுவி, உள்ளே செய்தித்தாளை அடைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் வைத்தால் தோல் வெடித்துவிடும்.