மூச்சைப் பார்த்துத் திமிங்கலத்தை இனம் காண்பது எப்படி?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான பருவத்தில் இலங்கையின் மிரிஸ்ஸவில் படகேறுபவர்கள், திமிங்கலத்தின் உடலைத் தேடுவதற்கு முன் அது வெளிவிடும் மூச்சைத் தேட வேண்டும். மூச்சு ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்துக்குத் தூண்போல் செங்குத்தாக எழுந்தால் அது நீலத் திமிங்கலமாக இருக்கலாம். நீண்ட முதுகு வழுக்கிச் சென்ற பிறகே, வாலுக்கு அருகில் மிகச் சிறிய துடுப்பு தென்பட்டால் ஐயம் தீரும். காற்று பலமாக வீசும் நாளில் மூச்சின் வடிவம் கலைந்துவிடுமாதலால், துடுப்பையே நம்ப வேண்டும்.

மூச்சு தாழ்வாக, முன்னோக்கி இடப்புறம் சாய்ந்து வந்தால், இடது மூக்குத் துளையால் மூச்சுவிடும் எண்ணெய்த் திமிங்கலம் என்று துணிந்து சொல்லலாம். அது வாலை உயர்த்தி மூழ்கிவிட்டால் மேலெழ முக்கால் மணி நேரம்கூட ஆகலாம் என்பதால், படகோட்டியை அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.